பால் சுறாவுக்கு கொம்பு கெடையாது ஐயா

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட மகளிர் பக்கத்துல தாய்ப்பால் பெருக்கும் பால் சுறா புட்டுன்னு ஒரு சமையல் குறிப்பு போட்டிருந்தீங்க. குறிப்புல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, மஞ்சத்தூள் போட்டு வேகவச்சு தோலை சொரண்டி எடுத்துட்டு உதுத்து, தண்ணிய நல்லா புழிஞ்சு, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமா போட்டு வதக்கணும்னு ஒழுங்காவே எழுதியிருந்தாங்க. ஆனா பக்கத்துல போட்டிருந்த படம் கொம்பன் சுறா! தலை சுத்தியல் மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு கண்ணு ரெண்டும் அந்த ஓரத்துல ஒண்ணு இந்த ஓரத்துல ஒண்ணு இருக்குமே, அது. மூணாங்கிளாஸ் படிக்கிற என் பேரன் பாத்துட்டு "ஆச்சி இது ஹாமர்ஹெட் தானே, இதுக்கு ஏன் பால் சுறான்னு போட்டிருக்காங்க"ன்னு கேக்குறான், நான் என்னத்த சொல்றது.

படம் மாறிப்போச்சு, இதுக்கு ஒரு லெட்டரான்னு நீங்க நெனைக்கலாம். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் விட்டுடலாம்னு இருந்தேன். ஆனா யோசிக்க யோசிக்க இது படத்தோட நிக்கிற விஷயமா தெரியல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

என்னைப் பத்தி ஒரு வார்த்தை. நான் நாகப்பட்டினத்துக்காரி, முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு டீச்சர், இப்ப ரிட்டயர்ட். ஆனா எங்கம்மா மீன் கூடை சுமந்தவங்க. விடியக்காலம் ஏலத்துக்கு போயி எடுத்துட்டு வந்து தெருத்தெருவா வித்து தான் என்னை படிக்க வச்சாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்க தெரியாது, ஆனா ஒரு சுறாவை கையில தூக்குனா வாயோரத்தை விரலால தடவிப் பாத்துட்டு இது பால் சுறா, இது இல்லன்னு சொல்லிடுவாங்க. வாயோரத்துல என்ன இருக்குன்னு எனக்கு அப்ப புரியல. பின்னாடி வயசானப்புறம் படிச்சு தான் தெரிஞ்சிக்கிட்டேன், பால் சுறாவுக்கு வாயோட ரெண்டு முனையிலயும் நீளமா ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கும், மத்த நெறைய சுறாவுக்கு அது இருக்காது, இருந்தாலும் சும்மா பேருக்கு தான் இருக்கும். ஆராய்ச்சி பண்றவங்களும் அதைத்தான் அடையாளமா வச்சிருக்காங்க. இன்னொண்ணு, முதுகுல ரெண்டாவதா இருக்கிற குட்டித் துடுப்பு ரொம்ப பின்னால தள்ளி இருக்கும், அதுக்கு நேர் கீழ வயித்துப் பக்கம் இருக்கிற துடுப்பு அதை விட நீளமா இருக்கும், முன்னாலயே ஆரம்பிச்சிடும். மூக்கு கூர். மேல சாம்பல், இல்லன்னா மண் கலர், அடியில வெள்ளை. அவ்வளவு தான், கொம்பும் கெடையாது கோடாலியும் கெடையாது.

இந்த மீனோட அறிவியல் பேரு ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். 1837ல ரூப்பெல்ங்கிற ஜெர்மன்காரர் செங்கடல்ல ஜெட்டா பக்கம் கிடைச்சதை வச்சு எழுதுனது. அக்யூட்டஸ்னா லத்தீன்ல கூர்னு அர்த்தம், மூக்கை பாத்து வச்சிருக்காரு. அவரு வச்ச பேருல பாலும் இல்ல தயிரும் இல்ல. ஆனா இங்கிலீஷ்ல இதுக்கு இன்னைக்கு வரைக்கும் மில்க் ஷார்க்னு தான் பேரு, அது எங்கேர்ந்து போச்சு தெரியுமா, நம்ம நாட்டுல இருந்து தான். இதோட கறிய தின்னா புள்ளை பெத்தவளுக்கு பால் ஊறும்னு இந்தியாவுல ஒரு நம்பிக்கை இருக்கு, அதனால வந்த பேருன்னு வெளிநாட்டு புஸ்தகங்கள்லயே போட்டிருக்காங்க. ஆப்பிரிக்காவோட மேற்கு கரை, கிழக்கு கரை, செங்கடல், அரபிக்கடல், ஜப்பான், ஆஸ்திரேலியாவோட வடக்கு கரைன்னு எங்கெங்கயோ திரியுற மீனு, அத்தனை கடல்லயும் நம்ம ஊரு பிரசவ வீட்டு பேரை சுமந்துக்கிட்டு திரியுது. எனக்கு இது ஒரு பெருமை மாதிரி தான் இருக்கு. அதனால தான் அந்த குறிப்புல "மில்க் ஷார்க் எனப்படும் பால் சுறா"ன்னு படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு, நம்ம வீட்டு பொருளை நமக்கே பார்சல் அனுப்புன மாதிரி.

பேர்ல பால் இருக்கே தவிர சுறாவுக்கு பால் கெடையாது, மீனுக்கு எங்க மடி. ஆனா குட்டி போடும். முட்டையிட்டு விட்டுட்டு போற மீனில்ல, வயித்துக்குள்ள குட்டிக்கு தொப்புள்கொடி மாதிரி கயிறு இருக்கும், அது வழியா தான் தாய் கிட்ட இருந்து சத்து போகும், ஒரு வருஷம் பக்கமா சுமக்கும். எங்கம்மா அறுக்குறப்ப அந்த கொடியோட குட்டிய நானே பாத்திருக்கேன், ஒரு அடி நீளம் இருக்கும், அம்மா ஒரு நிமிஷம் கத்திய கீழ வச்சிட்டு தான் அப்புறம் அறுப்பாங்க. ஒரு தடவைக்கு ரெண்டு குட்டியில இருந்து அஞ்சு குட்டி வரைக்கும் சாதாரணமா போடும், மிஞ்சிப்போனா எட்டு. மத்தி, நெத்திலி மாதிரி லட்சக்கணக்குல முட்டை போடுற ஜாதியில்ல, அதை மனசுல வச்சுக்கோங்க.

சரி இப்ப பேருக்கு வர்றேன். மார்க்கெட்டுல இன்னைக்கு பால் சுறான்னு எதை தர்றாங்க? நான் சொல்றேன், கைக்கு அடக்கமா இருக்கிற எல்லா சுறாவும் பால் சுறா தான். மூக்கு மண்வெட்டி மாதிரி தட்டையா இருக்கிற சின்ன சுறா ஒண்ணு வருது, அது வேற ஜாதி, வளந்தாலும் முக்கால் மீட்டர் தாண்டாது, அதுவும் பால் சுறா. துடுப்பு நுனியெல்லாம் மை தொட்டு வச்ச மாதிரி கருப்பா இருக்கிற பெரிய ஜாதியோட குட்டிங்க வலையில வந்தா அதுவும் பால் சுறா. கேட்டா "பால் குடி மறக்காத குட்டிக்கா, அதான் பால் சுறா"ன்னு ஒருத்தி எனக்கே விளக்கம் சொன்னா! பால் பல்லு மாதிரி பால் சுறாவாம். ஒரு வகையில பாத்தா அழகான விளக்கம் தான், ஆனா தப்பு. பால் சுறாங்கிறது வளந்த மீனோட பேரு, அது வளந்தே ஒரு மீட்டர் பக்கம் தான் வரும், குட்டின்னு நெனைச்சு வாங்குறது பல நேரம் வயித்துல நாலு குட்டியோட இருக்கிற தாயா இருக்கும்.

இதைவிட கொடுமை துண்டு போட்டு விக்கிறது. என் மகளுக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்ப மருமகப்புள்ள பாவம் வெளியூர்ல ஒரு பெரிய கடையில ஏசி ரூம்ல கண்ணாடி பெட்டிக்குள்ள வச்சிருந்ததை பால் சுறான்னு நம்பி வாங்கிட்டு வந்தாரு. பிரிச்சு பாத்தா ஒவ்வொரு துண்டும் சாப்பாட்டு தட்டு அகலம் இருக்கு. நான் கணக்கு டீச்சராச்சே, ஒரு மீட்டர் நீளமுள்ள ஒல்லி மீனை எப்படி குறுக்க வெட்டுனா தட்டு அகலத்துக்கு துண்டு வரும்? எந்த ஜியாமெட்ரியிலயும் வராது. அது ஆள் உயரத்துக்கு மேல இருந்த ஏதோ பெரிய சுறா. தலையும் இல்ல, தோலும் இல்ல, துடுப்பும் இல்ல, எங்கம்மாவே எழுந்து வந்தாலும் விரல் வச்சு தடவிப் பாக்க வாயோரம் இல்ல. மாப்பிள்ளை முகத்தை பாத்து ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சுக்கிட்டேன், மகளுக்கு குடுக்கல.

ஏன் குடுக்கலன்னா, இங்க தான் விஷயமே இருக்கு. கடல்ல இருக்கிற பாதரசம் சின்ன மீன்ல கொஞ்சமா இருக்கும், அதை தின்ன மீன்ல கொஞ்சம் கூட, அதையும் தின்ன மீன்ல இன்னும் கூட, இப்படி படிப்படியா ஏறிக்கிட்டே போயி வேட்டையாடித் திங்கிற பெரிய மீன்ல தான் போயி சேரும், வயசு ஏற ஏற சேந்துக்கிட்டே இருக்கும், வேகவச்சாலும் புழிஞ்சாலும் போகாது. வேகவச்சு புழியிறது வேற காரணத்துக்கு, சுறா உடம்புல யூரியா இருக்கு, செத்தப்புறம் அது அம்மோனியாவா மாறி மூத்திர வாடை அடிக்கும், அந்த வாடைய தான் மஞ்சளும் புழியிறதும் எடுக்குது. பாதரசத்துக்கு வாடையும் இல்ல ருசியும் இல்ல. குழந்தையோட மூளை வளர்ச்சிய பாதிக்கும்னு தான் அமெரிக்காவுல உணவையும் மருந்தையும் கண்காணிக்கிற எஃப்டிஏங்கிற அரசு அமைப்பு, கர்ப்பமா இருக்கிறவங்களும் பால் குடுக்கிறவங்களும் தவிர்க்கணும்னு போட்டிருக்கிற மீன் பட்டியல்ல சுறாவையும் சேத்திருக்காங்க. அங்க எல்லா சுறாவையும் ஒண்ணா தான் சொல்லியிருக்காங்க. சின்னதா, சீக்கிரம் வளர்ற, கரையோரம் சின்ன மீனும் கணவாயும் எறாலும் தின்னுட்டு இருக்கிற பால் சுறாவும், பல வருஷம் வாழ்ந்த ஆழ்கடல் பெரிய சுறாவும் ஒண்ணு இல்லன்னு எனக்கு தோணுது, ஆனா பேரை ஒண்ணாக்கிட்டா அந்த வித்தியாசத்தை எங்க போயி தேடுறது? எங்க பாட்டி காலத்துல பச்ச உடம்புக்காரிக்கு குடுத்தது ஒரு முழ மீனை. இன்னைக்கு அதே பேருல குடுக்கிறது வேற மீனை. நம்பிக்கை பழசு, மீனு புதுசு.

பால் ஊறுமா ஊறாதாங்கிறதுக்கு நான் போகல. நர்சம்மா சொன்னது தான், குழந்தை எவ்வளவு சப்பி காலி பண்ணுதோ அவ்வளவு ஊறும், தாய்க்கு தூக்கமும் தண்ணியும் நல்ல சாப்பாடும் வேணும். புட்டுல போடுற பூண்டுக்கும் பால் ஊறவைக்கும்ங்கிற அதே பேரு இருக்கு, முருங்கைக் கீரைக்கும் இருக்கு. சுறா கறி எளசா, முள்ளு இல்லாம, பல்லு இல்லாத பாட்டியும் புள்ளை பெத்தவளும் ஒரே கிண்ணத்துல சாப்பிடுற மாதிரி இருக்கும், அதனால குடுத்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம். அதை நான் கேலி பண்ண மாட்டேன், நான் பெத்தப்ப எனக்கும் அம்மா குடுத்தாங்க, நல்லா தான் இருந்துச்சு.

பேரு விஷயத்துல நம்மாளுங்க ஒண்ணும் சும்மா இல்ல, அதையும் சொல்லணும். சென்னையில வஞ்சிரம்னா தூத்துக்குடியில சீலான்னுவாங்க, கன்னியாகுமரி பக்கம் நெய்மீன்னுவாங்க, அதே சென்னையில சீலா வாங்கிட்டு வான்னா வேற மீனு வரும். இது இருக்கிறது தான், ஒவ்வொரு கரைக்கும் ஒரு நாக்கு. பட்டினப்பாலையில பரதவருங்க சினைச்சுறவோட கோட்டை நட்டு வச்சு கும்பிட்டதா வருது, கோடுன்னா கொம்பு. அந்த கொம்பு இருக்கிறது நாம இப்ப வேளான்னு சொல்ற மீனுக்கு, ரம்பம் மாதிரி பல்லு வச்ச மூக்கு. அறிவியல் கணக்குப்படி வேளா திருக்கை வகையில வருது, நம்ம முன்னோருக்கு அது சுறவு. நான் அதையெல்லாம் தப்புன்னு சொல்லல. அவங்களுக்கு தெரிஞ்சு தான் சொன்னாங்க, எந்த சுறவுன்னு கேட்டா கை நீட்டி காட்டியிருப்பாங்க. இன்னைக்கு பால் சுறான்னு சொல்றவங்களுக்கு கை நீட்ட மீனே முழுசா இல்ல, அதான் என் வருத்தம்.

இன்னொரு விஷயம், இது பாண்டிச்சேரி பக்கத்துல இருக்கிற நமக்கு ரொம்ப உறைக்க வேண்டியது. பாண்டிச்சேரி சுறான்னே ஒரு சுறா இருக்கு, இல்ல இருந்துச்சுன்னு சொல்லணுமோ என்னவோ. 1839ல முல்லர், ஹென்லேன்னு ரெண்டு ஜெர்மன்காரங்க எழுதி வச்சாங்க, பாண்டிச்சேரியில கிடைச்ச மீனை வச்சு. உலகம் பூரா மியூசியங்கள்ல மொத்தமே இருபதுக்கும் கம்மியா தான் இருக்கு, கடைசியா உறுதியா பதிவானது 1979ல. அதுவும் ஒரு மீட்டர் பக்கம் தான், அதுக்கும் துடுப்பு நுனி கருப்பு. இதே முல்லர் ஹென்லே அதே வருஷம் இன்னொரு சுறாவுக்கும் பேரு வச்சாங்க, கார்கரைனஸ் சோரா. அந்த சோரா வேற எதுவும் இல்லீங்க, தமிழ்ல சுறா, தெலுங்குல சொர, நம்ம கரையில சொல்ற சொல்லு தான் லத்தீன் பேருல போயி உக்காந்திருக்கு. அதுக்கும் துடுப்பு நுனி கருப்பு, நம்ம மார்க்கெட்டுல அதோட குட்டிங்க சாதாரணமா வரும். இப்ப நீங்களே சொல்லுங்க, நாப்பது வருஷத்துக்கு மேல யாரும் பாக்காத அந்த பாண்டிச்சேரி சுறா ஒண்ணு நாளைக்கு விடிகாலம் ஏதோ ஒரு பைபர் படகு வலையில மாட்டி கரைக்கு வந்தா என்ன ஆகும்? கருப்பு நுனி குட்டிங்களோட ஒரே கூறுல விழும், பால் சுறான்னு கூவி வித்துடுவாங்க, சாயங்காலம் புட்டு ஆயிடும். ஊரு பேரை வச்சிருக்கிற மீனு வேற பேருல செத்துப்போகும்.

இந்த குழப்பம் நமக்கு மட்டும் இல்ல, அரசாங்கத்துக்கே வந்திருக்கு. 2001 ஜூலையில சுறா, திருக்கை மொத்தத்தையும் வனவிலங்கு சட்டத்து முதல் பட்டியல்ல சேத்து பிடிக்கவே கூடாதுன்னுட்டாங்க. கடற்கரை பூரா கொதிச்சுப்போச்சு, சுறா தொழிலையே நம்பி இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர் பக்கத்து ஆளுங்க நெலமைய நெனச்சு பாருங்க. டிசம்பர்லயே மாத்தி பத்து வகைக்கு மட்டும்னு சுருக்குனாங்க. அந்த பத்துல வேளா வகைங்க இருக்கு, திமிங்கல சுறா இருக்கு, இந்த பாண்டிச்சேரி சுறாவும் இருக்கு. சைட்டிஸ்னு ஒரு உலக ஒப்பந்தம் இருக்கு, அழியுற உயிரினங்களை நாட்டுக்கு நாடு விக்கிறதை கட்டுப்படுத்துறது, 2022ல பனாமாவுல நடந்த அதோட மாநாட்டுல பால் சுறா சேந்த குடும்பம் மொத்தத்தையும் இரண்டாம் பட்டியல்ல சேத்துட்டாங்க, நாட்டுக்கு நாடு விக்கணும்னா பர்மிட் வேணும். ஏன் குடும்பத்தோட சேத்தாங்கன்னா, வெட்டிப் போட்ட துண்டையும் துடுப்பையும் பாத்து எது எந்த ஜாதின்னு கண்டுபிடிக்க முடியலங்கிறதும் ஒரு காரணம். பாத்தீங்களா, தனித்தனியா பேரு சொல்ல முடியலன்னா சட்டமும் ஒட்டுமொத்தமா தான் வந்து விழும், அப்ப அடிபடுறது சின்ன படகுக்காரன். நம்ம பால் சுறாவையே உலக சிவப்பு பட்டியல்ல முன்னாடி கவலை இல்லன்னு வச்சிருந்தவங்க 2020ல அழியும் ஆபத்துக்கு உள்ளானதுன்னு மாத்தி வச்சிருக்காங்க. நீங்க படம் போட்டீங்களே கொம்பன் சுறா, அதோட நெலம இன்னும் மோசம், அதுல மூணு வகைய 2013லயே சைட்டிஸ் பட்டியல்ல சேத்தாச்சு. சமையல் பக்கத்துல அந்த படத்தை பாத்துட்டு நாலு பேரு அதை கேட்டு வாங்குனா அந்த பாவம் யாருக்கு?

அதனால நான் கேக்குறது ரொம்ப பெருசு இல்ல ஐயா. ஒண்ணு, தப்பா போட்ட படத்துக்கு ஒரு சின்ன திருத்தம், அதே மகளிர் பக்கத்துல, அதே அளவுல, உள்பக்கத்து மூலையில பொடி எழுத்துல வேண்டாம். சரியான படம் வேணும்னா மீன்வளத்துறையில கேளுங்க, இல்லன்னா மண்டபத்துலயும் தூத்துக்குடியிலயும் சென்னையிலயும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சந்தோஷமா குடுப்பாங்க. இணையத்துல சுறான்னு அடிச்சு முதல்ல வர்றதை எடுத்து போடாதீங்க, முதல்ல வர்றது எப்பவும் வாயை பொளந்துக்கிட்டு இருக்கிறது தான். அப்புறம் மீனைப் பத்தி செய்தி வர்றப்ப கரையில என்ன பேரு சொல்றாங்களோ அதையும் போட்டு அறிவியல் பேரையும் தமிழ்லயே பக்கத்துல போடுங்க, எந்த ஊரு பேருன்னும் சேத்து போடுங்க. ஒரு வரி கூட ஆகும், அவ்வளவு தானே. ஜோசியத்துக்கு முக்கால் பக்கம் குடுக்குறீங்க.

அப்புறம் அந்த குறிப்புல ஒரே ஒரு வரி சேக்கணும். பால் குடுக்கிற தாய்க்கு வாங்குறதா இருந்தா துண்டு போட்ட பெரிய சுறாவை வாங்காதீங்க, முழு மீனா பாத்து வாங்குங்க, அடிக்கடி குடுக்காதீங்க, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இதை போடாம தாய்ப்பால் பெருக்கும்னு கொட்டை எழுத்துல தலைப்பு மட்டும் போடுறது சரியில்ல.

மீன் விக்கிற அக்கா தங்கச்சிங்களை நான் குத்தம் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடிட் பண்ணிடாதீங்க. ஏலத்துல கலந்து கெடக்குறதை கூறா எடுக்கிறவங்க அவங்க, பிரிச்சு பாக்க நேரம் எங்க இருக்கு. பேரன் நேத்து என் கூட மார்க்கெட்டுக்கு வந்தான், கூறுல கெடந்த ஒரு சுறாவோட வாயோரத்தை தடவிப் பாக்க சொன்னேன், "ஆமா ஆச்சி கோடு இருக்கு"ன்னான், பக்கத்துல கெடந்ததை தடவிட்டு "இதுல இல்ல"ன்னான். விக்கிற பொண்ணு ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "அட ஆமாக்கா"ன்னு கோடு இருந்ததை எடுத்து தனியா வச்சுக்கிட்டா.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி, நாகப்பட்டினம்